ஐப்பசியில் மலைக்குப் போகிறவர்களுக்கு

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நம் நடைப்பயிற்சிக் குழுவிலிருந்து 17 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தீபாவளி கழிந்த இரண்டாவது சனிக்கிழமை கொடைக்கானல் போய், வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கி, அன்றே திரும்ப ஏறி வருவது என்பது திட்டம். 17 பேரில் 9 பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். இரண்டு பேர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். இதுபோக, நம் குடியிருப்பில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அக்டோபரில் உத்தரகண்ட் பக்கம் இமயமலைக்குப் போகிறார்கள். பணி ஓய்வுக்கு முன்னும் பின்னுமாக வங்கி நண்பர்களோடு இருபது வருடங்களுக்கு மேல் மலை நடந்தவள் என்பதால், இது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் பழனி மலையைப் பார்த்தவர்களுக்கு வேறு எந்த மாதத்திலும் மலையேறப் பிடிக்காது. பாறைக்குப் பாறை தண்ணீர், புல்வெளியெல்லாம் பச்சை, தூசி துளியும் இல்லாத காற்று. ஆனால் அந்த அழகைக் கொடுப்பது எதுவோ, அதுதான் ஆபத்தையும் கொடுக்கிறது. நம் பெரியவர்கள் இதை அறிந்தே வைத்திருந்தார்கள். வெள்ளியங்கிரி ஏழாம் மலைக்குப் பக்தர்கள் போவது மாசி தொடங்கிக் கோடை முடியும் வரையில்தான், ஐப்பசியில் அல்ல.

முதலில், ஐப்பசி மலையில் வானிலை ஏன் சொல்லாமல் கொள்ளாமல் மாறுகிறது என்று பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. வங்கக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் கிழக்குக் காற்று சமவெளியைத் தாண்டி வந்து மலையின் கிழக்குச் சரிவில் முட்டுகிறது. முட்டிய காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது, மேகம் மழையாகிறது. மதுரையில் தூறலாக இருப்பது அங்கே கொட்டும் மழையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. புயல் சின்னம் எதுவும் இல்லாத நாளிலும் மலைச்சரிவைக் காலை வெயில் சூடாக்குகிறது. பள்ளத்தாக்கின் சூடான ஈரக்காற்று மேலே எழும்புகிறது. பத்து மணிக்குப் பஞ்சுப் பொதியாக இருக்கும் மேகம், பன்னிரண்டு மணிக்குக் காலிஃபிளவர் போல மேல்நோக்கிப் புடைத்து வளர்ந்திருக்கும். இரண்டிலிருந்து நான்குக்குள் இடியும் மின்னலும் மழையும். காலை ஏழு மணிக்கு நீல வானத்தைப் பார்த்துவிட்டு ரெயின்கோட்டை வேனிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். காலை வானம் பிற்பகலுக்கு ஜாமீன் கொடுப்பதில்லை.

நம் திட்டத்தில் என்னை உறுத்துவதும் இதுவே. பொதுவாக மலை நடை என்றால் காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம். வெள்ளகவிக்கு அப்படியே தலைகீழ். காலையில், வானம் தெளிவாக இருக்கும்போது, கால் புத்துணர்ச்சியோடு இருக்கும்போது, சுலபமாக இறங்கிவிடுகிறோம். பிற்பகலில், மேகம் திரளும் நேரத்தில், சோறு சாப்பிட்ட களைப்போடு செங்குத்தாக ஏற வேண்டியிருக்கிறது. கடினமான பாதி மோசமான நேரத்தில் வருகிறது. கீழே இறங்கும் ஒவ்வொரு அடியும் திரும்ப ஏறித் தீர்க்க வேண்டிய கடன். காலை உற்சாகத்தில் அது யாருக்கும் நினைவிருக்காது.

இனி முன்னறிவிப்பு. தொலைக்காட்சியில் தினமும் கேட்கிறோம், ஆனால் அந்தச் சொற்களுக்குத் துல்லியமான அளவு இருப்பது பலருக்குத் தெரியாது. 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டர் முதல் 11.5 வரை பெய்தால்தான் அது கனமழை. அதற்கு மேல் 20.4 வரை மிக கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. அதேபோல 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள் மழை பதிவாகும் என்று பொருள். 'சில இடங்களில்' என்றால் கால் முதல் பாதி வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்காலுக்கு மேல். ஆக, 'ஓரிரு இடங்களில் கனமழை' என்பது கொஞ்சமாக மழை என்ற செய்தி அல்ல. பெய்கிற இடத்தில் பலமாகப் பெய்யும், அந்த இடம் எது என்பதுதான் தெரியாது என்ற செய்தி. மாவட்டத்தில் மலை இருந்தால், அந்த ஓரிரு இடம் மலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். திண்டுக்கல் மாவட்டத்துக்கான அறிவிப்பு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஒன்றாகவே வருகிறது. அதை நாம்தான் மலைக்குத் தகுந்தபடி கூட்டிப் படிக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 10 லிட்டர். எட்டு சென்டிமீட்டர் என்றால் 80 லிட்டர். ஓர் ஓடைக்குத் தண்ணீர் கொண்டுவரும் சரிவு ஒரு சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 8 கோடி லிட்டர். ஒரு பகுதி மண்ணுக்குள் போனாலும், மீதி அத்தனையும் நாம் காலையில் செருப்பு நனையாமல் தாண்டிய அந்த ஓடை வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

கும்பக்கரை அருவிக்கு நம்மில் பலர் போயிருக்கிறோம். பெரியகுளத்தில் வெயில் அடிக்கும், அருவியில் குளிக்கத் தடை என்று வனத்துறை கயிறு கட்டியிருக்கும். 'மழையே இல்லையே, எதற்குத் தடை' என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே வட்டக்கானல் பக்கம் பெய்த மழை கீழே வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஓடை பெருகப்போகிறது என்பதற்கு அறிகுறிகள் உண்டு. தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். சலசலப்பு மாறி, அடித்தொண்டையில் உறுமுவது போலக் கேட்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். முழங்கால் அளவு வேகத் தண்ணீர் பெரிய ஆளையே புரட்டிவிடும். கையைக் கோத்துக்கொண்டு வரிசையாகப் போனால் ஒருவர் விழும்போது நாலு பேரையும் இழுப்பார். செய்ய வேண்டியது ஒன்றே: மேடான இடத்தில் உட்கார்ந்து காத்திருப்பது. மலை ஓடை ஏறுகிற வேகத்தில் இல்லாவிட்டாலும், மழை நின்றபின் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்தச் சில மணி நேரம் நம் கைவசம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

மின்னலுக்கு ஒரு விதி. மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே முகட்டை விட்டு இறங்க வேண்டும். தனி மரத்தின் அடியில் நிற்கக்கூடாது, இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்பதும் தவறு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகாமல் மறுபடி மேட்டில் ஏறக்கூடாது. 'தாமினி' என்ற செயலி பக்கத்தில் எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டுகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் காட்டுக்குள் சிக்னல் கிடைக்காத இடத்தில் செயலி கைகொடுக்காது. கண்ணும் காதும்தான் கைகொடுக்கும்.

இப்போது, பலர் நம்ப மறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். குளிர். 'நம்ம ஊர் மலைதானே, பனியா பெய்யப்போகிறது' என்பார்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் சுமார் 2,000 மீட்டர். இங்கே 28 டிகிரி என்றால் அங்கே 15. அதில் மழையில் நனைந்து, மேலே காற்றும் அடித்தால் உடல் அதை 15 என்று எடுத்துக்கொள்ளாது. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவதற்குப் பனி விழ வேண்டியதில்லை. ஈரமும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் 10 டிகிரிக்கு மேலேயே நடக்கும்.

நான் கண்ணால் பார்த்தது ஒன்று. சில வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதம், பதினொரு பேர் பழனி மலையில் ஒரு தடத்தில் போனோம். எங்களோடு வந்தவர்களில் ஒருவர் கேஷ் பிரிவில் இருந்தவர். ஐம்பது வயது, வாட்டசாட்டமான ஆள், வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். ஒன்றரை மணிக்கு மழை பிடித்தது. ரெயின்கோட் போட்டால் உள்ளே வியர்க்கிறது என்று அவர் போடவில்லை. பருத்திச் சட்டை, அதன் மேல் ஒரு டெனிம் பேன்ட். முகட்டில் ஒரு மணி நேரம் நடந்திருப்போம். திடீரென்று எனக்கு ஏதோ வித்தியாசமாகத் தோன்றியது. என்னவென்று யோசித்தால், அவர் பேச்சு நின்றிருந்தது. மணி என்ன என்று கேட்டேன். சட்டைக் கையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்க்க அவர் விரல் ஒத்துழைக்கவில்லை. பதில் குழறியது. சற்று தூரம் போனதும் ஒரு பாறையில் உட்கார்ந்து, 'நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வர்றேன்' என்றார். அதுவரை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கமும் நின்றுபோயிருந்தது.

சரி, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டு நடந்திருப்போம். எங்களுடன் வந்த உள்ளூர் வழிகாட்டி, படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லாதவர், ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். கைத்தாங்கலாகப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தின் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். ஈரத் துணி முழுவதையும் கழற்றச் சொன்னார். ஒருவர் பையில் பாலிதீன் கவருக்குள் நனையாமல் இருந்த இரண்டு லுங்கி, இன்னொருவரின் சால்வை, மேலே தோட்டத்து ஆட்கள் கொடுத்த சாக்கு. கையைக் காலைத் தேய்க்க முனைந்தவரை வேண்டாம் என்று தடுத்தார். இன்னொருவர் பையில் பிராந்தி இருந்தது (பையைத் திறந்தபோதுதான் எங்களுக்கே தெரியும்). அதையும் கூடாது என்றார். மருத்துவர்கள் சொல்வதும் அதுதான். மது உள்ளே கதகதப்பாக உணரவைத்து, உடல் வெப்பத்தைத் தோல் வழியாக வெளியேற்றிவிடும். சர்க்கரை நிறையப் போட்ட கடுங்காப்பியை, அவர் விழுங்குகிற நிலையில் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் கழித்து அவருக்கு மறுபடி நடுக்கம் வந்தது. நாங்கள் பயந்தோம். வழிகாட்டி சிரித்தார். நடுக்கம் திரும்பினால் உடம்பு தன்னைத்தானே சூடாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம்.

அதனால் 17 பேரும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறினால், கால் தடுமாறினால், பொத்தான் போட முடியாவிட்டால், கலகலப்பான ஆள் மௌனமானால், அவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வதை நம்பாதீர்கள். அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே யாரும் தனியாக நடக்கக் கூடாது. இருவர் இருவராக ஜோடி பிரித்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி ஜோடி வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் வருகிறார்களா, குளிரில் பேசாமல் வருகிறார்களா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

எடுத்துப் போக வேண்டியதைப் பற்றி நீட்ட மாட்டேன், வாட்ஸ்ஆப் குழுவில் பட்டியல் போட்டிருக்கிறேன். மூன்று மட்டும் சொல்கிறேன். ஒன்று, பருத்தி வேண்டாம். ஊரில் நமக்கு அது சுகம். மலையில் நனைந்தால் காயாது, எடை கூடும், உடல் சூட்டை உறிஞ்சும். பெண்கள் பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் தவிர்த்து, விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டீ ஷர்ட், பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். என் வயதில் என்ன கோலம் என்று தயங்க வேண்டாம், நானே போடுகிறேன். இரண்டு, முதுகுப் பைக்குள் ஒரு பெரிய பாலிதீன் பை, அதற்குள் ஒரு முழு மாற்று உடை. பையின் மேலே போடும் உறையை நம்ப வேண்டாம், முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். அந்த மாற்று உடையை வேன் வரும்வரை தொடக்கூடாது, ஆபத்துக்கு மட்டும். வங்கியில் நாங்கள் ரொக்கக் கையிருப்பு வைப்பது போல. மூன்று, விசில். குடை முகட்டுக் காற்றில் நிற்காது, கத்தினால் மூடுபனியில் குரல் போகாது. விசில் போகும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதினால் அது மலையில் உதவி கேட்கும் அடையாளம். பிள்ளைகளே, விளையாட்டுக்கு ஊதக் கூடாது.

அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் போன் செய்தீர்கள். அட்டையால் யாரும் சாவதில்லை. உப்பும் புகையிலைத் தூளும் துணியில் கட்டி எடுத்து வாருங்கள், போதும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் புறப்படும் முன் உங்கள் மருத்துவரைப் பார்த்து, நாள் முழுக்க ஏறி இறங்கப்போகிறேன் என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இமயத்துக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்கும், அவர்களைவிட அதிகமாக அவர்கள் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். அக்டோபர் இமயத்தில் நல்ல பருவம் என்பது உண்மைதான். தென்மேற்குப் பருவமழை அக்டோபர் மத்திக்குள் வடக்கிலிருந்து விலகிவிடும், வானம் கண்ணாடி போல இருக்கும். ஆனால் அந்தத் தெளிவு நடுவில் இரண்டு நாள் அறுந்துபோகலாம். 2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். புயல் வலுவிழந்தது என்று செய்தி முடிந்துவிட்டது. அதன் எச்சம் ஈரத்தோடு வடக்கே போய், 14ஆம் தேதி நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்தில் உள்ள தோரோங் லா கணவாயைத் தாண்டிக்கொண்டிருந்தவர்களும் வழிகாட்டிகளும் சுற்றுப்புறத்தில் இருந்தவர்களுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் கடலில் உருவான புயல், இரண்டு நாளில் அங்கே.

2021இல் அக்டோபர் 17 முதல் 19 வரை உத்தரகண்டில் நடந்ததும் அப்படித்தான். முக்தேஷ்வரில் ஒரே நாளில் 34 சென்டிமீட்டர் மழை. 1897 முதல் அங்கே கணக்கு எழுதுகிறார்கள், அதில் இதுவே உச்சம். கீழே மழையாகப் பெய்தது மேலே கணவாய்களில் பனியாக விழுந்தது. லம்காகா கணவாய்ப் பக்கமும் சுந்தர்துங்கா பக்கமும் மலையேற்றக்காரர்கள் பலர் உயிரிழந்தார்கள். அந்த மழைக்குச் சிவப்பு எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஆனால் நாலைந்து நாள் முன்பே நடக்கத் தொடங்கி, சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குக்குள் போய்விட்டவர்களுக்கு அந்த எச்சரிக்கையால் என்ன பயன்? ஆகவே கிளம்பும் நாளில் வங்கக் கடலில் ஏதாவது உருவாகிறதா என்று பாருங்கள். டேராடூன் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. இன்னொன்று, திரும்பி வரும் விமான டிக்கெட்டை மலை இறங்கும் நாளுக்கே போடாதீர்கள். இரண்டு நாள் உபரி வையுங்கள். மலையில் தங்கிக் காத்திருக்க வேண்டிய நேரத்தில், திங்கட்கிழமை ஆபீசும் டிக்கெட் பணமும்தான் ஆளைப் பிடித்து வெளியே தள்ளுகின்றன.

பணம் என்றதும் நம் விஷயத்துக்கே வந்துவிடலாம். வனத்துறை அனுமதிக் கட்டணம், வேன் வாடகை, தங்கும் அறை என்று தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டோம். கடைசி நேரத்தில் மழை என்றால் பணம் என்னாவது என்று போன வாரம் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வணிகவியல் பாடத்தில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். போனாலும் அந்தப் பணம் திரும்பாது, போகாவிட்டாலும் திரும்பாது. அதனால் போவதா வேண்டாமா என்ற முடிவில் அதற்கு இடமே கிடையாது. இதை முதலாமாண்டு மாணவர்கூடப் பரீட்சையில் எழுதிவிடுவார். வேனில் ஏறி உட்கார்ந்தபின் எழுத முடிகிறதா என்பதுதான் சிரமம். 2009 நவம்பரில் நீலகிரியில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. மண் சரிந்து அந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் அதிகமானோர் போய்விட்டார்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, கொடைக்கானல் வரை வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. இப்படி ஒரு நாளில் மலைச் சாலையில் வேனில் இருப்பதே ஆபத்து, தடத்தில் நடப்பது பிறகு.

முடிவு எடுப்பது யார் என்பதை நாம் இன்றைக்கே தீர்மானித்துவிட வேண்டும். நம்மில் பலர் சபரிமலைக்கு எருமேலியிலிருந்து பெரிய பாதையில் நடந்தவர்கள். கார்த்திகை மழையில் அழுதா நதியைக் கடந்தவர்கள். அங்கே குருசாமி 'இன்றைக்கு இங்கேயே தங்கல்' என்றால் யாராவது எதிர்த்துப் பேசுகிறோமா? பெரிய அதிகாரியாக இருந்தவரும் பையை இறக்கி வைத்துவிடுகிறார். அதே நாம் ஒரு சுற்றுலா நடைக்குப் போனால் 17 பேரும் தலைவர். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு', 'இன்னும் பத்து நிமிடம்தான்', 'சின்னத் தூறல்தானே' என்று ஆளுக்கு ஒன்று. வனத்துறை அனுப்பும் வழிகாட்டிப் பையன் இருபத்தைந்து வயது, நம்மை சார், மேடம் என்கிறான். நாம் அழுத்திச் சொன்னால் அவனும் என்ன செய்வான்?

ஆகவே நான் செயற்குழுவிடம் கேட்டுக்கொண்டது இது. முந்தைய நாள் இரவு எட்டு மணி நிலவரப்படி, திண்டுக்கல் அல்லது தேனி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் வேன் புறப்படாது. வாக்கெடுப்பு கிடையாது. மஞ்சள் இருந்தால் கொடைக்கானல் போவோம், காலையில் வழிகாட்டியைக் கேட்டுவிட்டுத்தான் தடத்தில் இறங்குவோம். வெள்ளகவி போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பதினொன்றரை மணிக்குத் திரும்பி ஏறத் தொடங்கிவிட வேண்டும். நவம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், மேகமும் மரமும் சேர்ந்தால் ஐந்துக்கே இருட்டு. வழிகாட்டி திரும்பச் சொன்னால் அதுவே கடைசி வார்த்தை. குழுவில் யாராவது ஒருவருக்கு, வயதில் சின்னப் பிள்ளையாக இருந்தாலும், மேலே போகப் பயமாக இருக்கிறது என்றால், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவது. அவரை ஒரு ஆளோடு அனுப்பிவிட்டு மற்றவர்கள் தொடர்வது கிடையாது. இதைப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் கேலியாகச் சொல்லிக் காட்டுவதும் கிடையாது. (இதற்கு மட்டும் கூட்டத்தில் பலமான கைதட்டல்.)

ஒருவேளை வெள்ளகவியிலேயே மழையில் மாட்டிக்கொண்டால், அங்கேயே இரவு தங்கிவிடலாம். அவசரப்பட்டு ஏற வேண்டாம். அது மனிதர்கள் வாழும் ஊர், மலைச் சாலை வருவதற்கு முன் கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் அந்த வழியாகவும் போனார்கள். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, நீங்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: சனிக்கிழமை இரவு போன் வராவிட்டால் பதற வேண்டாம், ஞாயிறு பத்து மணி வரை பொறுங்கள், அதற்குப் பிறகும் தகவல் இல்லை என்றால் செயலாளரைக் கூப்பிடுங்கள். அவரிடம் 17 பேர் பெயர், ரத்தப் பிரிவு, சாப்பிடும் மாத்திரை, வனத்துறை அலுவலகத்தின் எண் எல்லாம் இருக்கும். பயணத்துக்கு வராத ஒருவரிடம் அந்தத் தாள் இருக்க வேண்டும் என்பதால்தான் அவரைக் கேட்டேன். அவருக்கு வர ஆசை என்று எனக்குத் தெரியும், மன்னிக்கவும்.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு நம் நுழைவாயில் வளைவில் கூடி, அழகர்கோவில் போய், அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கை வரை நடக்கிறோம். மலைக்குக் கொண்டுபோகும் அதே பை, அதே எடை, அதே ஷூ. புது ஷூ வாங்கியவர்கள் கட்டாயம் வர வேண்டும், கொப்புளம் அழகர்மலையில் வந்தால் பரவாயில்லை. மழை பெய்தால் ஒத்திவைக்க மாட்டோம். சாலையில், ஊருக்குப் பக்கத்தில், நனைந்து பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. யாருடைய ரெயின்கோட் ஒழுகுகிறது, யாருடைய பையில் மாற்றுத் துணி நனைந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். பெயர் கொடுத்த 17 பேரில் அன்று வராதவர்களின் பெயரை என்ன செய்வது என்பதைச் செயலாளர் சொல்வார்.